பச்சை விளக்கு எரிந்தால் மட்டும் போதாது

சுத்திகரிப்பு ஆலைகளிலும் மின் நிலையங்களிலும் பெரிய வால்வுகளைத் திறந்து மூடுவது, அவற்றின் தலைமேல் உட்கார்ந்திருக்கும் மோட்டார் ஆக்சுவேட்டர். திற, மூடு, திறந்தாயிற்று, மூடியாயிற்று, பழுது என ஒவ்வொரு செய்திக்கும் கட்டுப்பாட்டு அறை வரை தனித்தனி ஒயர் இழுப்பது பழைய முறை. ஃபீல்டுபஸ் முறையில் ஒரே ஜோடி ஒயர் பல ஆக்சுவேட்டர்களைத் தொட்டுச் செல்கிறது. உள்ளே செருகிய சிறு கார்டு, தன் ஆக்சுவேட்டருக்கு வந்த கட்டளையை மட்டும் எடுத்துக்கொண்டு பதில் அனுப்புகிறது. 1979-ல் வந்த மோட்பஸ், 1980களின் இறுதியில் ஜெர்மனியில் உருவான புரோஃபிபஸ் ஆகியவை இதற்குப் பரவலாகப் பயன்படுகின்றன.

கார்டைச் செருகுவது எளிது. அதை நம்பி வால்வை ஒப்படைக்கலாம் என்ற நிலைக்குக் கொண்டுவருவதுதான் கமிஷனிங். புரோஃபிபஸ் டிபி கார்டை எடுத்துக்கொண்டு அதன் படிகளைப் பார்க்கலாம்.

முதலில் வால்வு, பிறகு கார்டு

வால்வு முழுதாகத் திறக்கும் இடம், மூடும் இடம், டார்க் (முறுக்குவிசை) வரம்பு ஆகியவற்றை முன்கூட்டியே அமைத்திருக்க வேண்டும். இவை தவறாக இருந்தால், கார்டு அந்தத் தவறான நிலையைத்தான் துல்லியமாக அனுப்பிக்கொண்டிருக்கும்.

கேபிளின் இரு முனைகள்

அடுத்தது கேபிள். அதன் இரு முனைகளில் மட்டுமே, சமிக்ஞை எதிரொலிக்காமல் தடுக்கும் மின்தடையான டெர்மினேட்டர் இருக்க வேண்டும். மின்சாரத்தை நிறுத்தி, கருவிகளைக் கழற்றிவிட்டு, ஏ, பி ஒயர்களுக்கு இடையே மல்டிமீட்டரை வைத்தால் சுமார் 110 ஓம் காட்டும். 220 காட்டினால் ஒரு முனையில் டெர்மினேட்டர் விட்டுப்போயிருக்கிறது. 73-ஐ ஒட்டி வந்தால் நடுவில் யாரோ மூன்றாவதைப் போட்டிருக்கிறார்கள். புரோஃபிபஸ் டெர்மினேட்டருக்கு மின்சாரமும் வேண்டும். அது கடைசி ஆக்சுவேட்டரின் கார்டிலேயே இருந்தால், பராமரிப்புக்காக அந்த ஒன்றை அணைத்தாலும் வரிசை முழுவதும் தடுமாறலாம்.

தூரமும் வேகமும் எதிரெதிர். ஒரு பிரிவில் 93.75 கிலோபிட் வேகம் வரை 1,200 மீட்டர் செல்லும் கேபிள், 12 மெகாபிட்டில் 100 மீட்டரோடு நின்றுவிடும்.

முகவரி

ஒவ்வொரு கார்டுக்கும், தெருவில் கதவு எண் போல, தனி முகவரி உண்டு. கார்டின் இயல்புகளை விவரிக்கும் ஜிஎஸ்டி (GSD) கோப்பை, கட்டளைகளை அனுப்பும் கருவியான மாஸ்டரில் ஏற்றி, எத்தனை பைட் வரும், எத்தனை பைட் போகும் என்பதையும் பொருத்த வேண்டும். அது பொருந்தாவிட்டால் தரவுப் பரிமாற்றமே தொடங்காது.

இவ்வளவும் சரியாக இருந்தால் கார்டின் விளக்கு பச்சையாகும். ஆனாலும் பக்கத்துப் பக்கத்து வால்வுகளின் முகவரிகள் இடம் மாறியிருக்கலாம். அப்போது திரையில் எல்லாம் ஒழுங்காகத் தெரியும். திறப்பது மட்டும் வேறு வால்வாக இருக்கும். அதனால் ஒருவர் வாக்கி-டாக்கியோடு வால்வருகே நிற்க வேண்டும். கைச்சக்கரத்தால் வால்வைப் பாதியில் நிறுத்தி, தேர்வுக் குமிழை ‘ரிமோட்’டுக்குத் திருப்பிய பிறகே கட்டளை கொடுப்பார்கள். குமிழ் ‘லோக்கல்’ நிலையில் இருந்தால் கார்டு நிலவரத்தைச் சொல்லும், ஆனால் கட்டளையை ஏற்காது. சரியான வால்வு நகர்கிறதா, சரியான திசையில் நகர்கிறதா, தண்டின் குறியும் திரையின் சதவீதமும் ஒத்துப்போகின்றனவா என்று மூன்றையும் கண்ணால் பார்த்தே கையெழுத்திட வேண்டும்.

தொடர்பு அறுந்தால்?

பெரும்பாலும் தள்ளிப்போடப்படும் கேள்வி இது. மாஸ்டரின் குரல் குறித்த நேரத்துக்குள் வராவிட்டால், வால்வு நின்ற இடத்திலேயே நிற்கலாம், திறக்கலாம், மூடலாம். குளிர்விக்கும் நீர் செல்லும் வால்வு மூடினால் ஆபத்து. எரிபொருள் வால்வு திறந்தே கிடந்தால் ஆபத்து. எனவே இதைத் தீர்மானிக்க வேண்டியவர் கார்டைச் செருகும் எலக்ட்ரீஷியன் அல்ல. ஆலையின் செயல்முறையை அறிந்த பொறியாளர். அவர் எழுதிக் கொடுத்தபடி அமைத்து, ஆலை ஓடத் தொடங்கும் முன்பே கேபிளை வேண்டுமென்றே கழற்றிப் பார்த்துவிட வேண்டும். அந்தச் சோதனையைச் செய்யாமல் விட்டால், ஆலை ஓடும்போது ஒருநாள் கேபிளே அதைச் செய்து காட்டிவிடும்.