அடுப்பேற்றிப் பழக வேண்டிய படிப்பு

சந்தைப்படுத்தும் மேலாளர், சேர்மானங்களைக் கலப்பவர் என்று 1948-இல் எழுதினார் அமெரிக்க ஆய்வாளர் ஜேம்ஸ் கலிட்டன். சில நேரம் பிறர் எழுதிய செய்முறைப்படி சமைப்பார். சில நேரம் வீட்டில் இருப்பதைக் கொண்டு ஒப்பேற்றுவார். இந்தக் கருத்தைப் பிடித்துக்கொண்டே ஹார்வர்டின் நீல் போர்டன் 'மார்க்கெட்டிங் மிக்ஸ்' என்ற சொல்லைப் பரப்பினார். 1960-இல் ஜெரோம் மெக்கார்த்தி அதைப் பொருள், விலை, இடம், விற்பனை ஊக்குவிப்பு என நான்கு டப்பாக்களில் அடைத்தார்.

சந்தைப்படுத்தல் பாடத்தின் மையச் சொல்லே சமையலறையிலிருந்து வந்தது. ஆனால் நம் பி.பி.ஏ., எம்.பி.ஏ. வகுப்புகள் பலவற்றில் அடுப்பே பற்றவைப்பதில்லை. டப்பாக்களின் பெயரை எழுதினால் மதிப்பெண் வந்துவிடுகிறது.

வேறு வழி 1906 முதலே இருக்கிறது. சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் ஹெர்மன் ஷ்னைடர் பொறியியல் மாணவர்களுக்குத் தொடங்கிய 'கோ-ஆப்' முறை அது: ஒரு வாரம் வகுப்பு, ஒரு வாரம் தொழிற்சாலை. இன்று பாஸ்டனின் நார்த் ஈஸ்டர்ன் போன்ற பல்கலைக்கழகங்களில் வணிகம் படிப்பவர்களும் மாதக்கணக்கில் சம்பளத்துக்கு வேலை பார்த்துவிட்டு வகுப்புக்குத் திரும்புகிறார்கள்.

அப்படி வேலைக்குப் போகுமுன், முதலில் காய் நறுக்கப் பழக வேண்டும். எக்செல்லில் விற்பனைக் கணக்கைப் பிரிப்பது, வாடிக்கையாளரிடம் பேச்சுக் கொடுப்பது, சொல்ல வந்ததை ஒரே பக்கத்தில் எழுதுவது. இவை கைவந்த பிறகுதான் அடுப்பு.

அடுப்படியில் என்ன கற்கலாம் என்பதற்குத் தள்ளுபடியை எடுத்துக்கொள்ளுங்கள். அது உப்பு. போடுவது எளிது, எடுப்பது கடினம். தேங்காய் எண்ணெயை மூன்று வாரம் விலை குறைத்து விற்றால் விற்பனை துள்ளும். சலுகை முடிந்ததும் பழைய விலை அதிகமாகத் தோன்றும். பலர் வீட்டில் ஏற்கெனவே இரண்டு பாட்டில் வாங்கி அடுக்கியிருப்பார்கள். நான்காவது வாரம் கடைத் தட்டருகே நின்று அந்தச் சரிவைப் பார்த்த மாணவி அதை ஆயுளுக்கும் மறக்கமாட்டாள். அண்டாவில் கொட்டுமுன் கரண்டியில் ருசி பார்ப்பதுபோல, முதலில் இரண்டு ஊரில் மட்டும் விற்றுப் பார்க்க வேண்டும் என்பதும் அவளுக்கு அங்கேதான் புரியும்.

என்னைக் கேட்டால், வேலைக்குப் போவதைவிட வகுப்புக்குத் திரும்பி வருவதே பெரிது. 'ஏன் கரித்தது?' என்ற கேள்வியோடு அவள் வந்து உட்காரும்போதுதான், விலை மாறினால் தேவை எவ்வளவு மாறும் என்று சொல்லும் தேவை நெகிழ்ச்சி என்ற கோட்பாடு உறைக்கும். நம் கல்லூரிகள் பலவற்றில் இன்டர்ன்ஷிப் அறிக்கை ஸ்பைரல் பைண்டிங்கோடு அலமாரிக்குப் போகிறது. அதைத் திறந்து மாணவரோடு விவாதிக்க ஆளில்லை. எனக்கு இதுதான் வேதனை.

இந்தப் படிப்பில் சேரப்போகிறவர்கள் கட்டணம் கட்டுமுன் கல்லூரியில் கேளுங்கள்: எத்தனை வாரம் வேலை? சம்பளம் உண்டா? திரும்பி வந்ததும் அந்த அறிக்கையை யார் படிப்பார்?