புகார் வரவில்லை என்றால் தீண்டாமை இல்லையா?

வெம்பக்கோட்டை, சாத்தூர், திருத்தங்கல் பக்கம் விடியற்காலையில் பட்டாசு ஆலை வேனுக்குக் காத்து நிற்கும் நம் பெற்றோர், பிள்ளை பிளஸ் 2 முடித்தால் நர்சிங்கா, பாலிடெக்னிக்கா என்று பேசிக்கொள்கிறார்கள். சட்டப் படிப்பு அந்தப் பேச்சில் வருவது அபூர்வம்.

ஆனால் நம் மாவட்டத்துப் பிள்ளைகளுக்காகவே உச்ச நீதிமன்றத்தில் ஒரு வழக்கு நடந்தது. சிவகாசியில் சிறுவர்கள் வேலை பார்ப்பதை எதிர்த்து டெல்லி வழக்கறிஞர் எம்.சி.மேத்தா தொடுத்த வழக்கு அது. 1996 டிசம்பர் 10-ல் தீர்ப்பு வந்தது. சட்டத்தை மீறி வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் நலநிதிக்குக் கட்ட வேண்டும் என்றது நீதிமன்றம். நமக்காக அன்று வெளியூர்க்காரர் வாதாடினார். இனி நம் பிள்ளைகளே வாதாட வேண்டாமா?

திருச்சியில் உள்ள தமிழ்நாடு தேசிய சட்டப் பல்கலைக்கழகம் உள்ளிட்ட தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களில் சேர 'கிளாட்' என்ற நுழைவுத் தேர்வு உண்டு. வழக்கமாக டிசம்பரில் நடக்கிறது. பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்கள் பிளஸ் 2-வில் 40 சதவீதம் எடுத்திருந்தால் எழுதலாம். 120 நிமிடம், 120 கேள்வி. அதில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு தர்க்கக் கேள்விகள். நம் மாணவர்கள் மிரள்வது இதற்குத்தான். மிரளத் தேவையில்லை.

ஒரு வாதத்தைப் பாருங்கள்: "இந்த ஊரில் யாரும் போலீசில் புகார் கொடுக்கவில்லை. ஆகவே இங்கே தீண்டாமை இல்லை." இதில் மூன்றைத் தேடுங்கள். முடிவு எது? தீண்டாமை இல்லை என்பது. காரணம் எது? புகார் இல்லை என்பது. இரண்டுக்கும் நடுவே சொல்லாமல் விட்டது எது? பாதிக்கப்பட்டவர் பயமில்லாமல் புகார் கொடுப்பார் என்ற அனுமானம். "புகார் கொடுத்தவருக்கு மறுநாள் வேலை இல்லை" என்ற தகவல் வந்தால் வாதமே சாய்ந்துவிடும். 'இந்த வாதத்தைப் பலவீனப்படுத்துவது எது?' என்று தேர்வில் கேட்பது இதைத்தான். காலனித் தெருவில் வளர்ந்த பிள்ளைக்கு இந்த விடையை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இன்னொன்று: "ஓர் அறையில் அளவுக்கு மேல் ஆள் இருந்தால் விதிமீறல். இந்த ஆலையில் விதிமீறல் நடந்திருக்கிறது. ஆகவே அறையில் அளவுக்கு மேல் ஆள் இருந்திருக்கிறார்கள்." சரியாகத் தோன்றும், ஆனால் தப்பு. மரத்தடியில் வைத்து வேலை வாங்கியதும் விதிமீறலாக இருக்கலாமே. மழை பெய்தால் தெரு நனையும். நனைந்த தெருவெல்லாம் மழையால் நனைந்தது அல்ல.

விடையை எப்போதும் பத்திக்குள்ளேயே தேட வேண்டும். நமக்குத் தெரிந்த உண்மையாக இருந்தாலும், பத்தி சொல்லாததை முடிவாக எடுக்கக் கூடாது. தவறான விடைக்குக் கால் மதிப்பெண் போகும். நான்கு விடைகளில் இரண்டை உறுதியாக நீக்க முடிந்தால், மீதி இரண்டில் ஒன்றை ஊகித்து எழுதுவது லாபம்தான். ஒன்றைக்கூட நீக்க முடியாத கேள்வியில் நேரத்தை விடாமல் அடுத்ததற்குப் போங்கள்.

தேர்வு ஆங்கிலத்தில் நடக்கிறது என்பதுதான் உண்மையான தடை. அதற்கும் வழி உண்டு. முதல் மாதம் தமிழ் நாளிதழின் தலையங்கத்தில் தினமும் முடிவு, காரணம், அனுமானம் மூன்றையும் நோட்டில் எழுதுங்கள். அடுத்து ஆங்கிலத் தலையங்கத்தில் அதையே செய்யுங்கள். 'பிகாஸ்' வந்தால் பின்னால் காரணம் வரும். 'தேர்ஃபோர்' வந்தால் முடிவு. 'ஹவ்எவர்' வந்தால் பேச்சு திரும்பும். 'அன்லெஸ்', 'ஒன்லி இஃப்' வந்தால் நின்று இரண்டு முறை படியுங்கள். பழைய வினாத்தாள்கள் பல்கலைக்கழகக் கூட்டமைப்பின் இணையதளத்தில் உள்ளன.

இதைத் தனியாகச் செய்ய வேண்டாம். விடுதியிலோ ஊர் நூலகத்திலோ நாலு பேர் சேர்ந்து உட்காருங்கள். ஒருவர் வாதம் வைக்கட்டும், மற்றவர்கள் அதில் ஓட்டை தேடட்டும். ஆளைப் பார்க்காமல் வாதத்தை மட்டும் பார்க்கும் இந்தப் பழக்கம் நாளை நீதிமன்றத்திலும் நம் பிள்ளைகளுக்குக் கைகொடுக்கும்.