கோட்டுக்கு வெளியே நின்ற ஆசிரியர்

வட்டுக்கோட்டை என்றதும் பலருக்கு நினைவு வருவது கல்விதான். அமெரிக்க மிஷனரிமார் 1823இல் இங்கு நிறுவிய செமினரியும், அதன் வழியில் 1872இல் தோன்றிய யாழ்ப்பாணக் கல்லூரியும் இவ்வூரின் பெயரைக் கடல் கடந்தும் அறியச் செய்தன. ஆனால் கல்வியைப் பற்றிப் பேசும்போது நாம் வகுப்பறை வாசலோடு நின்றுவிடுகிறோம். பாடசாலை மணி அடித்த பின்னர் மைதானத்தில் நடக்கும் கல்வி எமது கணக்கில் வருவதில்லை.

அறுவடை முடிந்த வயலில் இரண்டு பூவரசந் தடிகளை நட்டு, மாலை மங்கும்வரை பந்து உதைக்கும் பிள்ளைகளை எமது ஊர்களில் காணாதவர் யார்? குருநகர், நாவாந்துறை போன்ற கரையோர ஊர்களில் உதைபந்தாட்டம் மக்களின் வாழ்வோடு கலந்த ஒன்று. ஓர் அணி வென்றால் கோல் போட்டவனைத் தோளில் தூக்குகிறோம். கிண்ணத்தைக் கண்ணாடி அலுமாரியில் வைக்கிறோம். குழுப்படத்தின் ஓரத்தில் நிற்கும் ஆசிரியரின் பெயரோ சில வருடங்களில் மறந்துபோகிறது. அப்படி ஓரத்தில் நின்று, ஒரு நாட்டின் உதைபந்தாட்டத்தையே உயர்த்திய பாடசாலை ஆசிரியர் ஒருவரின் வாழ்க்கையை இங்கு எடுத்துக்கொள்கிறோம். அதில் எமது கிராமங்களுக்கு ஒரு படிப்பினையும் ஓர் எச்சரிக்கையும் உண்டு.

வாத்தியார் ரஹீம்

செய்யது அப்துல் ரஹீம் 1909இல் ஐதராபாத்தில் பிறந்தார். உஸ்மானியாப் பல்கலைக்கழகத்தில் படித்துப் பட்டம் பெற்றார். அங்கே உதைபந்தாட்டமும் ஆடினார். பின்னர் பாடசாலை ஆசிரியராகி, உடற்கல்வியில் டிப்ளோமாவும் பெற்று, படிப்பித்த பாடசாலைகளில் விளையாட்டுக்கும் பொறுப்பாக இருந்தார். 1943இல் ஐதராபாத் உதைபந்தாட்டச் சங்கத்தின் செயலாளரானார். 1950 முதல் ஐதராபாத் நகரப் பொலிஸ் அணிக்குப் பயிற்சியளித்தார். பம்பாயில் நடந்த ரோவர்ஸ் கிண்ணத்தை 1950 முதல் 1954 வரை, ஐந்து வருடமும் தொடர்ச்சியாக, அந்த அணியே வென்றது. இந்திய அணியைப் பயிற்றும் பொறுப்பும் அவரிடம் வந்தது. 1951இல் டில்லியில் நடந்த முதலாவது ஆசிய விளையாட்டுப் போட்டியின் இறுதியாட்டத்தில், மேவாலால் போட்ட ஒரே கோலினால் ஈரானை வென்று இந்தியா தங்கப்பதக்கம் பெற்றது.

இவற்றையெல்லாம் பெரும் பணமும் புல்வெளி மைதானங்களும் இருந்தபடியால் அவர் செய்யவில்லை. இருந்தவற்றை வைத்தே செய்தார். அவர் செய்தவிதம் எமது கிராம ஆசிரியர்கள் கவனிக்க வேண்டியது.

பந்தை எவருக்கும் கொடுக்காமல் தானே காலில் வைத்து வெட்டி வெட்டிக் கொண்டுபோகும் பழக்கம் எந்த ஊர்ப் பிள்ளைக்கும் உண்டு. "கொடு, கொடு" என்று கத்துவதால் அது மாறாது. ரஹீம் வெட்டிக்கொண்டு ஓடுவதையே தடைசெய்யும் போட்டிகளை நடத்தினார். பந்து வந்தவுடன் அடுத்தவனுக்குக் கொடுக்க வேண்டும். அப்படியானால் பந்து வருமுன்னரே தலையை நிமிர்த்தி, யார் எங்கே நிற்கிறான் என்று பார்த்துவைக்க வேண்டும். விதியே ஆசிரியராகிவிட்டது.

வலக்கால்காரன் இடக்காலால் மட்டும் உதைக்க வேண்டும் என்ற போட்டியும் வைத்தார். அதில் கெட்டிக்காரனும் புதியவனும் ஏறக்குறைய ஒரே நிலைக்கு வந்துவிடுவார்கள். உயரம் குறைந்த பிள்ளைகளுக்கென்று, உயரத்துக்கு எல்லை வைத்துச் சிறு அணிப் போட்டிகளும் நடந்தன. வளர்ந்த பொடியன்கள் தோளால் இடித்துத் தள்ளும் ஆட்டத்தில், திறமையிருந்தும் ஒதுங்கிப்போகிற சின்னவர்கள் அவற்றில் வெளியே தெரிந்தார்கள். இந்த மூன்றுக்கும் ஒரு பந்தும், ஒரு விசிலும், சிந்திக்கிற ஓர் ஆசிரியரும் போதும்.

வாடகைச் சைக்கிள்

அவருடைய கண் மைதானத்தில் மட்டும் நிற்கவில்லை. செகந்தராபாத்துக்கு அருகிலுள்ள அம்முகுடாவில், ஏழைத் தமிழ்க் குடும்பமொன்றில் பிறந்த துளசிதாஸ் பலராமின் ஆட்டத்தை ரஹீம் கண்டார். பயிற்சிக்கு வரச் சொன்னார். ஐதராபாத்துக்கு நாளாந்தம் வந்துபோகப் பலராமிடம் பணம் இல்லை. சைக்கிள் வாடகைக்கு எடுப்பதற்கான காசை ரஹீமே கொடுத்தார் என்று பலராம் பின்னாளில் சொல்லியிருக்கிறார். இருபது வயதளவில் அவர் மெல்பேர்ண் ஒலிம்பிக்கில் ஆடினார். 1960இல் ரோம் ஒலிம்பிக்கில் பலம்வாய்ந்த ஹங்கேரி அணிக்கு எதிராகக் கோல் போட்டார்.

அந்தச் சைக்கிள் வாடகை பெரிய தொகை அல்ல. ஆனால் அது இல்லாவிட்டால் அந்தத் திறமை அம்முகுடாவோடு முடிந்திருக்கும். ஒரு பிள்ளை பயிற்சிக்கு வராவிட்டால் "ஆர்வமில்லை" என்று பெயரை வெட்டிவிடுவது எளிது. ஏன் வரவில்லை என்று விசாரிப்பது கடினம். வீட்டில் தோட்டத்துக்கு இறைக்க வேண்டியிருக்கலாம்; சப்பாத்து இல்லாமல் இருக்கலாம்; காலையில் சாப்பிடாமல் வந்திருக்கலாம். ரஹீம் விசாரித்தார்.

தோல்வியிலிருந்து படித்தவர்

1952இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியாவிடம் இந்தியா 1-10 என்று தோற்றது. பெரும்பாலான வீரர்கள் வெறுங்காலோடு ஆடினார்கள். குளிர் நாட்டின் தரை அவர்களுக்குப் பழக்கமில்லை. உள்ளூர்ப் போட்டிகள் தொண்ணூறு நிமிடத்திலும் குறைந்தவை என்பதால் முழு நேரம் ஓடியும் பழக்கமில்லை.

இத்தகைய தோல்விக்குப் பின் குற்றம் சாட்ட ஆள் தேடுவது வழமை. ரஹீம் வேலையை மாற்றினார். உடல் உறுதிக்கு முதலிடம் கொடுத்தார். பின்களத்தில் இருவர் மட்டும் காக்கும் பழைய முறையை விட்டு, மூன்றாமவரையும் நிறுத்தும் முறைக்கு வீரர்களைப் பழக்கினார். ஐரோப்பாவில் ஹங்கேரி அணி ஆடிய புதிய ஆட்டத்தைக் கவனித்து, நடு முன்கள வீரரைச் சற்றுப் பின்னிறக்கி ஆடவைத்தார். சப்பாத்து அணிந்து ஆடுவதும் வழக்கமாயிற்று.

நான்கு வருடங்களின் பின், 1956இல் மெல்பேர்ணில், போட்டியை நடத்திய அவுஸ்திரேலியாவை இந்தியா 4-2 என்று வென்றது. நெவில் டி சூசா மூன்று கோல்களைப் போட்டார். ஒலிம்பிக் உதைபந்தாட்டத்தில் அரையிறுதிக்கு வந்த முதல் ஆசிய நாடு என்ற பெருமை கிடைத்தது. அரையிறுதியில் மீண்டும் அதே யூகோஸ்லாவியா. இம்முறையும் தோல்விதான், ஆனால் 1-4. நான்காம் இடத்தோடு அணி திரும்பியது.

ஜகார்த்தா, 1962

ரஹீமின் வாழ்க்கையின் உச்சம் 1962 ஆசிய விளையாட்டுப் போட்டி. அப்போதே அவரைச் சுவாசப்பைப் புற்றுநோய் பிடித்திருந்தது. முதல் ஆட்டத்தில் தென் கொரியாவிடம் 0-2 தோல்வி. அடுத்து தாய்லாந்தை 4-1 என்று வென்றார்கள். ஆனால் தூணாக நின்ற பின்கள வீரர் ஜர்னைல் சிங்கின் தலை உடைந்து தையல் போட வேண்டியதாயிற்று. பிறகு ஜப்பானை 2-0 என்று வென்று அரையிறுதிக்கு வந்தார்கள்.

தலையில் காயத்தோடிருக்கும் பின்கள வீரரை என்ன செய்வது? வீட்டுக்கு அனுப்பலாம், இருக்கையில் இருத்தலாம். ரஹீம் அவரை முன்களத்தில் நிறுத்தினார். தென் வியட்நாமுக்கு எதிரான அரையிறுதியில் ஜர்னைல் ஒரு கோல் போட்டார். ஆட்டம் 3-2 என்று முடிந்தது.

செப்டெம்பர் 4ஆம் திகதி இறுதியாட்டம். மீண்டும் தென் கொரியா. இஸ்ரேலையும் தாய்வானையும் சேர்க்காததை இந்திய விளையாட்டு அதிகாரி ஒருவர் கண்டித்திருந்தபடியால், அரங்கில் இருந்த ஏறத்தாழ ஒரு இலட்சம் பேரில் பெரும்பாலானோர் இந்தியாவுக்கு எதிராகக் கூச்சலிட்டார்கள். காய்ச்சலில் கிடந்து எழும்பிய பீற்றர் தங்கராஜ் கோல் காப்பாளராக நின்றார். பி. கே. பானர்ஜி ஒரு கோல், ஜர்னைல் சிங் ஒரு கோல். இந்தியா 2-1 என்று வென்றது. வங்காளத்துச் சுனி கோஸ்வாமி தலைவர். பஞ்சாபின் சீக்கியர், ஐதராபாத்தின் முஸ்லிம், கேரளத்தவர், தமிழ்ப் பெற்றோரின் பிள்ளை எல்லோரும் ஒரே அணியில். பிரிவினையின் இரத்தம் காய்ந்து பதினைந்து வருடமே ஆன நாட்டில் இது சிறிய காரியம் அல்ல.

ஒன்பது மாதங்களின் பின், 1963 ஜூன் 11ஆம் திகதி, ரஹீம் காலமானார்.

தூண் சரிந்த பின்

எச்சரிக்கை இங்கேதான் வருகிறது. அவரிடம் ஆடியவர்கள் சிலர் நல்ல பயிற்றுநர்களானார்கள். பி. கே. பானர்ஜி அவர்களில் ஒருவர். ரோம் அணியில் இருந்த தஞ்சாவூர்க்காரரான சைமன் சுந்தரராஜ், 1973இல் கேரள அணி முதன்முறையாகச் சந்தோஷ் கிண்ணத்தை வென்றபோது அதன் பயிற்றுநர். ஆனால் ரஹீம் உருவாக்கிய நாற்றுமேடையை அவருக்குப் பின் எவரும் அதே அக்கறையோடு நடத்தவில்லை. நல்ல வீரர்கள் பணம் தேடிக் கல்கத்தாக் கழகங்களுக்குப் போனார்கள். ஐதராபாத்தின் உதைபந்தாட்டம் மெல்ல மெல்லத் தளர்ந்தது. இந்தியா 1970இல் ஆசிய வெண்கலம் பெற்றது. தங்கம் பிறகு கிடைக்கவில்லை. 1960இன் பின் ஒலிம்பிக் உதைபந்தாட்டத்துக்கும் அது தகுதிபெறவில்லை. ரஹீமின் பெயரைப் பொதுமக்கள் பரவலாக அறிய 2024இல் ஒரு ஹிந்தித் திரைப்படம் வரவேண்டியிருந்தது.

எமது கல்லூரிக்கு வித்திட்டவர்கள் வந்த அமெரிக்காவில் இன்னொரு பயிற்றுநரின் கதை உண்டு. ரஹீம் இறந்த அதே 1963இல், ஜெரி யேக்லி என்ற இளைஞர் இந்தியானாப் பல்கலைக்கழகத்தில் உதைபந்தாட்டத்தைப் பொறுப்பேற்றார். அந்த ஆட்டத்துக்கு அங்கே மதிப்பில்லாத காலம். பத்து வருடங்கள் அவருடைய அணி மாணவர் கழகமாகவே இருந்தது. 1973இல்தான் பல்கலைக்கழகம் அதனை முறையான அணியாக ஏற்றது. அதன்பின் 2003இல் ஓய்வுபெறும்வரை 544 ஆட்டங்களில் வெற்றி, ஆறு தேசியப் பட்டங்கள்.

இவற்றைவிட எம்மைக் கவர்வது அவர் போன பிறகு நடந்தது. அவரிடம் ஆடி, நீண்டகாலம் அவருக்கு உதவியாளராக இருந்த மைக் ப்ரைடாக் பொறுப்பேற்றார். அடுத்த வருடமே, 2004இல், அணி மறுபடியும் பட்டம் வென்றது. 2012இல் இன்னுமொரு பட்டம். அப்போது பயிற்றுநர் யேக்லியின் மகன், அவரும் அதே அணியில் ஆடி வளர்ந்தவர். பல்கலைக்கழகத்துக்குப் பணமும் வசதியும் இருந்தன என்பது உண்மை. ஆனாலும் அடுத்தவரைப் பக்கத்தில் வைத்தே பழக்கியமையும் அதற்குக் காரணம்.

எமது ஊர்களில்

கிராம அபிவிருத்தியில் ஈடுபடுகிற எமக்கு இது புதிய பாடம் அல்ல. சிக்கனக் கடன் சங்கமாயினும், பாலர் பாடசாலையாயினும், வாசிகசாலையாயினும் ஒரு நல்ல மனிதர் தொடங்குகிறார். எல்லாவற்றையும் தானே சுமக்கிறார். அவர் மாற்றலாகியோ, வெளிநாடு போயோ, நோயில் விழுந்தோ மறையும்போது சங்கமும் மறைகிறது. போரும் இடப்பெயர்வும் எமது ஊர்களில் இப்படி எத்தனை முயற்சிகளை அறுத்தன என்பது நாம் எல்லோரும் அறிந்ததே. மைதானத்தில் நிற்கும் ஆசிரியரும் இதே ஆபத்தில்தான் நிற்கிறார்.

ஆகவே சில காரியங்களை நாம் பெற்றோரிடமும், பழைய மாணவரிடமும், கிராமக் கழகங்களிடமும் முன்வைக்கிறோம். முதலாவது, பயிற்சியளிக்கும் ஆசிரியருடன் பழைய மாணவர் இருவராவது எப்போதும் நிற்கட்டும். விசில் சில நாட்களில் அவர்கள் கையிலும் இருக்கட்டும். இரண்டாவது, ஆசிரியர் செய்யும் பயிற்சிகளை ஒரு கொப்பியில் எழுதிவைக்கட்டும். அவர் போனாலும் கொப்பி கல்லூரியில் இருக்கும். மூன்றாவது, வெளிநாட்டிலுள்ள உறவுகள் கிண்ணமும் சீருடையும் அனுப்புவதோடு, தூரத்துப் பிள்ளைகளின் போக்குவரத்துக்கும் ஒரு நேர உணவுக்கும் சிறு நிதியொன்றை ஏற்படுத்தட்டும். ரஹீமின் சைக்கிள் வாடகை செய்ததை அது செய்யும். நான்காவது, வருடத்தில் ஒரு நாள் இடக்கால் போட்டியும் சின்னவர் போட்டியும் வைத்துப் பாருங்கள். செலவில்லை, யார் யாரெல்லாம் இதுவரை எமது கண்ணில் படாமல் இருந்தார்கள் என்பது அன்று தெரியும்.

அடுத்த முறை ஒரு பாடசாலை அணி வென்று வந்தால், கோல் போட்ட பிள்ளையைப் பாராட்டுவோம். பாராட்டிவிட்டு, ஓரத்தில் நிற்கும் ஆசிரியரிடம் போய் இரண்டு கேள்விகள் கேட்போம்: "சேர், உங்களுக்கு உதவிக்கு யார் இருக்கிறார்கள்? உங்களுக்குப் பிறகு யார்?" விடை இல்லாவிட்டால், அந்த விடையைத் தேடிக் கொடுக்க வேண்டியவர்கள் நாமே.