சத்தம் போடாத வளையல்

36 வாரக் கர்ப்பம். அந்தப் பெண் கையை நீட்டியதும் என் கண்ணில் பட்டது வளையல்தான். வளைகாப்பில் அடுக்கிய கண்ணாடி வளையல்கள் கலகலக்காமல், சதையில் பதிந்து அசையாமல் நின்றன. “முகம்கூட பூசினாப்ல இருக்கு பாருங்க, பிள்ளைத்தாச்சிக் களை” என்றார் மாமியார், பெருமையாக. ரத்த அழுத்தம் 150/100. சிறுநீரில் புரதம்.

“மாத்திரை போடுறியாம்மா?”

“நிறுத்திட்டேன் டாக்டர். புள்ளைக்கு ஆகாதுன்னு சொன்னாங்க.”

சொன்னவர் பாதி சரி. எனலாப்ரில், டெல்மிசார்டான் போன்றவை வயிற்றுக் குழந்தையின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். வீட்டில் அப்பாவுக்கு வாங்கி வைத்த பி.பி. மாத்திரையை எடுத்துப் போடக் கூடாது என்பது இதனால்தான். இவளுக்கு எழுதியிருந்ததோ லேபடலால். மெத்தில்டோபா, நிஃபெடிபின்போல கர்ப்பிணிகளுக்குப் பல காலமாகக் கொடுத்துவரும் மருந்து.

மாத்திரை அழுத்தத்தைத்தான் குறைக்கும். நோயின் வேர் நஞ்சுக்கொடியில் இருக்கிறது. அங்கே ரத்தக் குழாய்கள் சரியாக விரியாதபோது, அது தாயின் ரத்தத்தில் கலக்கும் சில பொருட்கள் உடம்பெங்கும் குழாய்களைப் புண்படுத்துகின்றன. சிறுநீரகம் புரதத்தைக் கசிய விடுகிறது; கல்லீரலும் மூளையும் அடி வாங்குகின்றன. உப்பில்லாப் பத்தியம் இதைத் தடுக்காது. மருமகளுக்குச் சப்பென்ற சோறு போடும் வீடுகளைப் பார்த்தால் எனக்குப் பாவமாகத்தான் இருக்கும்.

அவளை அன்றே வார்டில் சேர்த்தோம். இரவு பத்து மணிக்குத் தலைவலி, கண்ணில் பூச்சி பறக்கிறது என்றாள். 166/112. 160/110-ஐத் தாண்டினால் நிமிடக் கணக்குதான். ஆனாலும் மடமடவென்று இறக்கிவிட முடியாது. குழந்தைக்குப் போகும் ரத்தம் குறைந்துவிடும். 150/100-க்குப் பக்கத்தில் நிறுத்தினோம். கூடவே, ஊரில் பிரசவ ஜன்னி என்கிறார்களே, அந்த வலிப்பு வராமலிருக்க மெக்னீசியம் சல்பேட். 33 நாடுகளில் சுமார் 10,000 பெண்களிடம் நடந்து 2002-இல் வெளியான ஆய்வில், வலிப்பு அபாயத்தைப் பாதிக்கும் கீழே கொண்டுவந்த மருந்து இது. அளவு மிஞ்சினால் மூச்சையே நிறுத்தும். அதனால் நர்ஸ் அடிக்கடி வந்து சின்னச் சுத்தியலால் முழங்காலைத் தட்டிப் பார்த்தார். கால் துள்ளினால் மருந்து தொடரலாம்.

வேர் நஞ்சுக்கொடியில் என்பதால் பிரசவம்தான் வழி. வலி வரவழைத்து, மறுநாள் மதியம் பெண் குழந்தை.

வீட்டில் பி.பி. பார்ப்பவர்களுக்கு: ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்து, பட்டையை வெறும் கையில் சுற்றுங்கள். 140/90 வந்தால் அன்றே டாக்டரிடம் சொல்லுங்கள். விலா எலும்புக்குக் கீழே வலித்தால் வாயு என்று ஓமத்தண்ணீர் குடித்துக்கொண்டு இருக்காதீர்கள். குழந்தை அசைவு குறைந்தாலும் உடனே கிளம்புங்கள்.

நான்காம் நாள் மாமியார் பையைக் கட்டிவிட்டார். “கொடிதான் விழுந்தாச்சே டாக்டரம்மா, இன்னும் எதுக்கு பி.பி.?”

நியாயமான கேள்விதான். ஆனால் பிரசவமான மூன்றாம் நாளிலிருந்து ஆறாம் நாளுக்குள்தான் அழுத்தம் மறுபடி ஏறும். ஜன்னி அப்போதும் வரலாம். பட்டையைச் சுற்றினேன். 154/98.

“பையை அவிழுங்கம்மா” என்றேன்.

(தொடரும்)