பழைய அடையை வீசாதீங்க!

தேன் எடுத்த பிறகு மிஞ்சும் பழைய அடைகளை முன்பெல்லாம் பெட்டி பக்கத்திலேயே போட்டுவிடுவேன். அதில் மெழுகுப்பூச்சி பெருகி, பெட்டிக்குள்ளும் புழு இறங்கியது. இரண்டு பெட்டித் தேனீ கூட்டை விட்டே ஓடிப்போச்சு.

இப்போ ஒரு துண்டு அடைகூட வெளியே கிடக்காது. பழைய பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி, அடையைப் போட்டு, சிறு தீயில் சூடாக்குவேன். தேன்மெழுகு 62 முதல் 64 டிகிரியில் உருகிவிடும். கொதிக்க விட வேண்டாம். தண்ணீர் இல்லாமல் அடுப்பில் வைத்தால் தீப்பிடிக்கும், கவனம். துணியில் வடிகட்டி ராத்திரி ஆறவிட்டால், காலையில் மெழுகு மஞ்சள் வட்டாக மேலே மிதக்கும். அடியில் ஒட்டிய கசடைச் சுரண்டிவிடுங்க.

அந்த மெழுகைக் காலிப் பெட்டியின் சட்டங்களில் தேய்த்து வைத்தேன். வாசனைக்கு ஒரு கூட்டம் தானா வந்து குடியேறிச்சு. மிச்சம் மண்வெட்டிக் காம்புக்கு.

கடை மெழுகுவத்தித் துண்டை மட்டும் இதில் கலக்காதீங்க. பெரும்பாலும் அது பெட்ரோலிய மெழுகு; தேனீ வீட்டுக்கு ஆகாது.