இணைப்பை அறுத்தால் தீ அணையுமா?

2018 மார்ச் 7ஆம் திகதி முகநூல், வாட்ஸ்அப், வைபர், இன்ஸ்டகிராம் ஆகியவற்றை இலங்கை அரசாங்கம் நாடெங்கும் முடக்கியது. கண்டி மாவட்டத்தின் திகன, தெல்தெனிய பகுதிகளில் முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் அதற்குள் தாக்கப்பட்டிருந்தன. ஊரடங்கு மாவட்டம் முழுவதற்கும் போடப்பட்டது. தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் ஒரே கடைத்தெருவில் சாமான் வாங்கும் கலஹாவும் அதில் அடங்கியது.

இணையம் வந்ததால்தான் குற்றம் பெருகியது என்று தோட்டப்புறத்திலும் பலர் சொல்கிறார்கள். திகனவைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். அதற்குச் சில நாட்கள் முன்பு அம்பாறையில் ஒரு சாப்பாட்டுக்கடையில் மலட்டு மாத்திரை கலக்கிறார்கள் என்ற புரளி முகநூலில் பரவி, கடையும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. உணவில் இருந்தது வெறும் மாவுக்கட்டி என்று அரச பகுப்பாய்வாளர் பின்னர் உறுதிசெய்தார். ஆனால் பொய்யை நம்பவைத்த வெறுப்பு பல ஆண்டுகளாக வளர்க்கப்பட்டது. முகநூலில் பெருகும் சிங்கள வெறுப்புப் பதிவுகளைப் பற்றி கொழும்பிலுள்ள மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் 2014இலேயே எச்சரித்திருந்தது. அந்தப் பதிவுகளைப் படித்து நீக்கச் சிங்களம் தெரிந்த போதிய ஆட்களை முகநூல் நிறுவனம் வைத்திருக்கவில்லை. கண்டிக் கலவரத்தில் தன் தளம் வகித்த பங்குக்காக அது மன்னிப்புக் கேட்டது 2020 மே மாதத்தில்தான்.

தடை என்ன செய்தது? வி.பி.என். தெரிந்தவர்கள் சுற்றுவழியில் உள்ளே போனார்கள். தெரியாதவர்கள் தவித்தார்கள். மகன் கொழும்பில், மகள் குவைத்தில் என்றிருக்கும் லயத்து அம்மாவுக்குப் பிள்ளைகளோடு பேச வாட்ஸ்அப்தான் வழி; கலவரச் செய்தி கேட்டுத் துடிக்கும் பிள்ளைகளுக்கும் அதுதான் வழி. இந்தியாவில் நடந்த இணைய முடக்கங்களை ஆராய்ந்து ஆய்வாளர் ஜான் ரிட்சாக் 2019இல் வெளியிட்ட ஆய்வும் தடை பயன் தராததையே காட்டுகிறது: முடக்கம் வன்முறைப் போராட்டங்களைக் குறைக்கவில்லை, அவை அதிகரிக்கவே செய்தன. புரளிக்கு மறுப்பும் அதே கம்பியில்தான் வரவேண்டும் என்பதை அதிகாரிகள் மறந்துவிடுகிறார்கள்.

இப்போது மலைநாட்டுக்கு இணையம் வழியே வேறு தொல்லைகளும் வந்துவிட்டன: போலி வேலைவாய்ப்பு, செயலிக் கடன், கேட்டு வாங்கப்படும் ஓ.டி.பி. எனும் ஒருமுறைக் கடவுச்சொல். இவற்றில் ஏமாந்தவர் வெட்கத்தில் வாய் திறப்பதில்லை. சிங்களத்தில் எழுதப்படும் முறைப்பாட்டில் தன் வார்த்தை சரியாக வருமா என்ற தயக்கம் வேறு. இணைப்பை அறுப்பதற்குப் பதிலாக, ஒவ்வொரு தோட்டப்புறப் பொலிஸ் நிலையத்திலும் இணையக் குற்றத்தைத் தமிழில் கேட்டு, தமிழிலேயே பதிந்து விசாரிக்கும் அதிகாரி இருக்க வேண்டும். கலஹாவின் மக்கள் பிரதிநிதிகள் இதைக் கேட்டு வாங்கித் தர வேண்டும்.