கொழும்பு நகரப் போக்குவரத்தும் மோட்டார்ச் சைக்கிளும்

கொழும்பு மாநகரின் காலி வீதியைக் காலை வேளையில் நோக்குவோர் ஒரு காட்சியைக் காண்பர். பஸ் வண்டிகளும் மோட்டார்க் கார்களும் நிரைநிரையாய்த் தேங்கி நிற்க, அவற்றின் இடைவெளிகளிற் புகுந்து மோட்டார்ச் சைக்கிள்கள் முன்னேறிச் செல்லும். இவ்விரண்டனுள் நகருக்கு ஏற்றது யாது என்பது ஆராயத்தக்கது.

பொதுப் போக்குவரத்து இந்நகருக்குப் புதியதன்று. 1899 இல் ஓடத் தொடங்கிய மின்சார ட்ராம் வண்டி 1960 வரை நிலவியது. 1958 ஜனவரி முதலாம் நாள் பஸ் சேவை தேசியமயமாக்கப்பட்டது. பின்னர் 1979 இல் தனியார் பஸ்களுக்கு மீண்டும் இடமளிக்கப்பட்டது.

மோட்டார்ச் சைக்கிளை நாடுவோரைக் குறைகூறுதல் பொருந்தாது. தரிப்பிடத்தில் காத்திருக்க வேண்டியதில்லை. பஸ் மாறி ஏறும் தொல்லையில்லை. வீட்டு வாயிலிலிருந்து அலுவலக வாயில்வரை செல்லலாம். ஊதியம் சிறிதாயினும் நேரம் தவறாது கடமைக்குச் செல்லவேண்டியவனுக்கு இவை பெருநன்மைகளே.

நிற்க, ஒருவனுக்கு நன்மையானது அனைவரும் மேற்கொள்ளுமிடத்துத் தீமையாதலும் உண்டு. ஐம்பதின்மரைச் சுமக்கும் பஸ்ஸுக்கு முன்னுள்ள இடைவெளியோடு ஏறத்தாழ 20 மீற்றர் வீதி போதும். அவ்வைம்பதின்மரும் தனித்தனி மோட்டார்ச் சைக்கிளில் இருவர் இருவராய் அணிவகுப்பின், இணையொன்றுக்கு 4 மீற்றராக 100 மீற்றர் வேண்டும். அன்றியும், பஸ்ஸைக் கைவிடுவோர் பெருகப் பெருக அதன் வருவாய் குறையும். வருவாய் குறையச் சேவை அருகும். சேவை அருகக் காத்திருப்பு நீளும். அது மேலும் பலரை விலகச் செய்யும். ஈற்றில் இடர்ப்படுவோர் வாகனம் வாங்க வசதியற்றோரும் முதியோரும் மாணவருமேயாவர். மோட்டார்ச் சைக்கிளோட்டியும் இடருக்குப் புறம்பானவனல்லன். மோதல் நேரின் அவனுடலைக் காக்கத் தலைக்கவசமன்றிப் பிறிதில்லை.

2022 இல் எரிபொருட் பஞ்சம் நேர்ந்தபோது மோட்டார்ச் சைக்கிளொன்றுக்கு வாரம் 4 லீற்றர் என வரையறுக்கப்பட்டமை, தனி வாகனத்தை மட்டும் நம்பியிருத்தலின் நிலையாமையை உணர்த்திற்று. மாலபேயைக் கோட்டையோடு இணைக்க வகுக்கப்பட்ட இலகு ரயில் திட்டமோ 2020 இலேயே கைவிடப்பட்டிருந்தது.

ஆகவே, மோட்டார்ச் சைக்கிளைத் தடைசெய்தல் தீர்வாகாது. பஸ்ஸுக்குத் தனித்தடம் அமைத்தல், குறித்த நேரத்திற் சேவை நடத்தல், புகையிரத நிலையத்தையும் பஸ் தரிப்பிடத்தையும் இணைத்தல் ஆகியனவே வழி. காத்திருப்புக் குறையின் மக்கள் தாமே பஸ்ஸை நாடுவர்.